எரிநட்சத்திரம் தள்ளிவைத்த பெருநாள்

மந்தைவெளி, சென்னப்பட்டணம்
10-2-1932

அன்புள்ள மைமூனுக்கு, ஆயிரம் ஸலாமுடன் வலியுல்லா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா? உம்மாவின் மூட்டுவலி தேவலையா?

பட்டணத்தில் வானத்திலிருந்து நெருப்பு விழுந்ததாக யாராவது சொன்னால் பயப்படாதே. என் தலையில் விழவில்லை. ஞாயிறு மாலை நோன்பு திறந்ததும், பெருநாள் பிறை தேடி எங்கள் தையல்கடை மொட்டைமாடியில் மேற்கே பார்த்து நின்றோம். கீழே தெருவில் மீன் விற்கும் குப்பம்மா, "ஐயோ நைனா, வானம் பத்திக்கினு போவுது பாரு!" என்று அலறினாள். அத்தனை பேரும் கிழக்கே திரும்பினார்கள். தேங்காயளவு எரிநட்சத்திரம் பச்சையாக எரிந்துகொண்டு கடல் பக்கம் போனதாம். நான் திரும்பவில்லை. அந்த நொடியில்தான் எனக்குப் பிறை தெரிந்தது. கத்தினேன். அவர்கள் திரும்புவதற்குள் மேகம் மூடிவிட்டது.

"ஒருத்தன் சொன்னா செல்லாதுப்பா. உன்கூட யாரு பார்த்தா?" என்று முதலில் கேட்டவர் எங்கள் முதலாளி கய்யூம் பாய். பெருநாளுக்குத் தரவேண்டிய ஒன்பது சட்டைகளுக்கு அவர் இன்னும் கை தைத்திருக்கவில்லை. ஆகவே முப்பதாவது நோன்பும் பிடித்தோம், சட்டைகளையும் முடித்தோம்.

இந்தப் பக்கம் ஆள் வந்தால் கொஞ்சம் தொதல் அல்வா கிண்டிக் கொடுத்தனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். நோன்பு திறந்ததும் நீயும் அங்கே மாடியேறி அதே பிறையைப் பார்ப்பதாக எழுதியிருந்தாய். அதனால்தான் நான் திரும்பவில்லை. கூட யார் பார்த்தது என்று பாய் கேட்டபோது உன் பெயர் வாய்வரை வந்தது.

பார்த்தாய்தானே?

வலியுல்லா