மலை மேல் அப்பா பேசியது

நிக்கொலோசி
ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எர்சிலியாவுக்கு அம்மா எழுதுவது. புனித ஆகத்தம்மாள் காவலில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பிரஷர் மாத்திரையை விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டி மத்தில்தாவும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது குளிர்காலம், பிள்ளையை வெறும் காலோடு தரையில் விடாதே, மாப்பிள்ளை ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் வளரும் என்று அவர் சொன்னாலும் கேட்காதே. வியாழக்கிழமை போனில் என்னம்மா விசேஷம் என்று நீ கேட்டபோது ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை இல்லை. ஒரு விஷயம் இருந்தது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மெலினா சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, புது முட்டி பழகினதும் முதல் வேலையாக உன் வீட்டுப் படியேறி நீ என்ன சமைக்கிறேன்னு பார்க்கப் போறேன்டி என்று மிரட்டுகிறாள். போன மாதம் நம் எரிமலை மூன்று தடவை சாம்பல் போட்டது, கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது, ஆள் வைத்து எடுத்தேன். அப்பாவின் சட்டைகளைக் கோயிலில் கொடுத்துவிட்டேன், கொடுக்கும்போது சாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கட்டைப்பை மட்டும் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். ஊரில் எல்லாரும் வெனேரா தைரியசாலி, புருஷன் அடக்கத்தன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்கிறார்கள். தைரியம் இல்லை மகளே. பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அவர் இழுப்பது தெரியும், வலி தெரியாதே, பிப்ரவரியிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை, சொன்னால் நீ விமானம் ஏறி வந்துவிடுவாய் என்று பயந்து சொல்லாமல் விட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் பயமும் இல்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் ஒராசியோ வந்தான். உனக்கு நினைவிருக்கும், அப்பாவோடு மலை வழிகாட்டி வேலையில் இருபது வருஷம் இருந்தவன், சவப்பெட்டியைத் தோளில் தூக்கினவர்களில் முன்னால் நின்ற நரைமுடிக்காரன். வழிகாட்டிகள் ஆபீஸில் அப்பாவின் அலமாரியில் இருந்த பூட்ஸையும் தலைக்கவசத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றுகொண்டு, அண்ணி, சிரினோ அண்ணன் வேலை பாத்த எடத்த நீங்க ஒரு நாள் எங்ககூட மேல வந்து பாருங்களேன், அரை நாள் நடைதான், காலைல போனா மதியத்துக்குத் திரும்பிடலாம், டூரிஸ்டுங்க குழந்தைங்களோட வர்ற பாதைதான் என்றான். அறுபத்திரண்டு வருஷம் இந்த மலையின் காலடியில் இருந்துவிட்டு ஒரு நாளும் நான் மேலே போனதில்லை என்பது உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஏதாவது தோன்ற வேண்டும் இல்லையா, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சரி என்றேன்.

ஜூன் ஆறாம் தேதி, சனிக்கிழமை காலை எட்டரைக்கு ரோப் கார் நிறுத்தத்தில் எங்களை எண்ணினான், என்னோடு ஒன்பது பேர். யாருக்கும் நான் யார் என்று அவன் சொல்லவில்லை, நான்தான் சொல்லாதே என்றிருந்தேன். எல்லாருக்கும் தலைக்கவசமும் கைத்தடியும் கொடுத்தான், நான் அப்பாவுடையதைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், அது எனக்குப் பெரியது. மேலே இறங்கினால் ஜூன் மாதத்தில் ஜனவரிக் காற்று. கரி மாதிரி மணல், அதில் நடந்தால் இரண்டு அடி வைத்து ஒரு அடி பின்னால் வருகிறோம். எங்கே பார்த்தாலும் சிவப்புப் பொறிவண்டுகள், கல்லைத் திருப்பினால் கை நிறைய அள்ளலாம், ஏன் அங்கே வருகின்றன என்று யாருக்கும் தெரியாதாம். ஒராசியோ வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனான், எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது அவன், என் பொண்டாட்டி இந்த மலையடியிலேயே பொறந்தவ, ஒரு நாள்கூட ஏறினதில்ல, கேட்டா, வெந்நீரும் புகையும் என் அடுப்புலயே வருது, அதுக்கு எதுக்கு மூவாயிரம் மீட்டர் ஏறணும்பா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஒராசியோ என்னைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், காது வரை சிவந்துபோனான். அவன் மனைவி கத்தானியாக்காரி, கடற்கரையில் பிறந்தவள். அது நான் சொன்ன வார்த்தை, எர்சிலியா. நீ பிறப்பதற்கு முன்னால், அடுப்படியில் நின்றுகொண்டு உன் அப்பாவிடம் சொன்னது. அன்று அவர் சிரிக்கக்கூட இல்லை, ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்கும் மேலே எரிமலையின் பழைய வாய் ஒன்று, இருபது வருஷத்துக்கு முன்னால் வெடித்தது, அதன் விளிம்பில் எங்களை மண்டி போடச் சொன்னான். மணலை ஒரு சாண் ஒதுக்கி, கை வைங்க, சுடாது, பயப்படாதீங்க என்றான். வைத்தேன். இப்போதுதான் சுட்டு இறக்கின ரொட்டியின் அடிப்பாகம் மாதிரி வெதுவெதுப்பு. எல்லாரும் ஆகா என்றார்கள். ஒராசியோ வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். சரி, கிளம்பலாம் என்றான். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது, ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டான்.

எழுந்து நூறு அடி போயிருக்க மாட்டோம், மேல் வாய் ஒரு தடவை இடித்தது. வீட்டில் ஜன்னல் கண்ணாடி அதிருமே, அந்தச் சத்தம்தான், ஆனால் அங்கே அது காதில் கேட்பதில்லை, நெஞ்செலும்பில் கேட்கிறது. பிறகு இன்னொன்று. கரும்புகை எழுந்து காற்றோடு எங்கள் பக்கம் சாய்ந்தது, தலைக்கவசத்தில் படபடவென்று பொடிக்கல் விழத் தொடங்கியது. ஒராசியோ குரல் மாறிவிட்டது, சிரிப்பெல்லாம் போய், முகத்தை மூடுங்க, ஓடாதீங்க, என் பின்னாலேயே சரிவுல இறங்குங்க, குதிகால ஊனி மணலோட போங்க, மணலே உங்கள எறக்கி விட்டுடும் என்றான். எனக்கு முதலில் வந்த நினைப்பு கொடியில் போட்டுவிட்டு வந்த படுக்கை விரிப்புகள். சத்தியமாக அதுதான். எல்லாரும் இறங்கினார்கள், ஒருத்தி மட்டும் சரிவின் தலைப்பில் உட்கார்ந்துவிட்டாள். த்ரியெஸ்தேயிலிருந்து தனியாக வந்த மருந்துக்கடைக்காரி, ஃபியொரென்சா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். காலை மடக்கிக்கொண்டு, முடியாது, நான் வரல, என்ன விட்டுட்டுப் போங்க என்கிறாள். ஒராசியோவுக்குப் பின்னால் ஏழு பேர், அதில் இரண்டு பிள்ளைகள், அவனால் திரும்பி ஏற முடியாது. கடைசியில் இருந்தவள் நான். திரும்பி ஏறினேன். துணிச்சல் என்று நினைக்காதே, போகாமல் இருக்கக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. அவள் கக்கத்தில் கை கொடுத்து, எழுந்திரும்மா, இங்க உட்காந்தா உன் மேலதான் கொட்டும், என் கூட இறங்கினா எம்மேலயும் கொஞ்சம் கொட்டும், பங்கு போட்டுக்கலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, உங்களுக்குப் பயமாவே இல்லையா என்று கேட்டாள். இல்ல, பிப்ரவரில என் வீட்டுக்காரர் முகச்சவரம் பண்ணிக்கிட்டிருக்கும்போதே விழுந்து செத்துட்டாரு, அதுலேருந்து எனக்குப் பயமும் இல்ல, அழுகையும் இல்ல, ஒண்ணுமே இல்ல என்றேன். நான்கு மாதமாகச் சொந்த மகளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சாம்பல் மழையில் நின்று சொன்னேன், மன்னித்துக்கொள். அவள் என்ன நினைத்தாளோ, எழுந்துவிட்டாள். என் கையைப் பிடித்தபடியே கீழே வரை வந்தாள், இரண்டு தடவை இருவரும் சேர்ந்தே விழுந்தோம், என் உள்ளங்கை தேய்ந்து ரத்தம் வந்தது, கீழே வந்த பிறகுதான் பார்த்தேன். யாருக்கும் வேறு ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரத்தில் மலையும் அடங்கிவிட்டது. ஃபியொரென்சா என் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள், போகும்போது என் தோளில் நெற்றியை வைத்துவிட்டு எடுத்தாள்.

எல்லாரும் போன பிறகு ஒராசியோ காபி வாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். இப்போது சொல்லு, சூடான இடத்தில் என்ன சொல்ல வந்து நிறுத்தினாய் என்று கேட்டேன். முதலில் அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி என்றான். பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணி, அந்த இடத்துல சிரினோ அண்ணன் எப்பவும் எல்லாரையும் கை வைக்கச் சொல்லிட்டு, சூடு தெரியுதா, இது மலையோட சூடுன்னு நெனைக்கறீங்களா, அதான் இல்ல, இங்கேருந்து நேரா கீழ தோண்டிக்கிட்டே போனா அந்தப் பக்கம் நியூசிலாந்து, அங்க என் மக இருக்கா, நமக்கு இப்ப காலை பத்து, அவளுக்கு ராத்திரி எட்டு, பாஸ்தாவுக்குத் தண்ணி வெச்சிருக்கா, அந்த அடுப்புச் சூடுதான் இதும்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அவங்க சிரிச்சு முடிச்சு எழுந்து போனப்புறமும் அவரு கையை எடுக்க மாட்டாரு. இன்னிக்கு லேட்டாத்தான் சமைக்கறா போல, சூடு கம்மியா இருக்கும்பாரு. சில நாளு, இன்னிக்கு வெளிய சாப்பிடறாங்க போலிருக்கும்பாரு. குழந்தை பொறந்த அன்னிக்கு, இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல, ஆஸ்பத்திரில இருக்கா, ஆனாலும் சுடுது பாருங்கன்னு சொல்லிட்டு ஒரு கூட்டத்துக்கே மிட்டாய் குடுத்தாரு.

எத்தனை நாளாக இப்படிச் சொன்னார் என்று கேட்டேன். எர்சிலியா பாப்பா நியூசிலாந்து போனதுலேருந்துதான் அண்ணி, ஒம்பது வருஷம், வெயில் காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ என்றான். எர்சிலியா, பிப்ரவரியில் அடக்கம் முடிந்து நீ பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம், ஒன்பது வருஷத்துல அப்பா போன்ல என்கிட்ட அம்மாகிட்ட குடுக்கறேங்கற ஒரே வாக்கியத்தத்தான் பேசியிருக்காரும்மா என்று சொன்னாய். என்னிடமும் அவர் அதற்கு மேல் பேசினவர் இல்லை. பேச்சையெல்லாம் மேலே கொண்டுபோய்ச் செலவழித்திருக்கிறார். நம் இரண்டு பேருக்கும் சேர வேண்டியதை ஜெர்மன்காரர்களும் மிலான்காரர்களும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிகிறது, இல்லை, உருக வேண்டிய இடமோ என்னவோ. இரண்டும் வரவில்லை. காபியைக் குடித்தேன், ஆறியிருந்தது.

ஒராசியோ இன்னொன்றும் சொன்னான். இப்ப வழிகாட்டிங்க நாங்க எல்லாருமே அங்க அதத்தான் சொல்றோம் அண்ணி, எனக்கு மூணும் பசங்க, ஆனா அந்த இடத்துக்கு வந்தா எனக்கும் ஒரு மக இருக்கா, ஆஸ்திரேலியாவுல பாஸ்தா வேகவெச்சுக்கிட்டு, உங்களுக்குத் தப்பாப் பட்டா சொல்லுங்க, இன்னியோட விட்டுடறோம் என்றான். நியூசிலாந்து என்றேன். எங்கள்ல பாதிப் பேரு ஆஸ்திரேலியான்னுதான் சொல்றோம் அண்ணி என்றான். சொல்றதா இருந்தா நாட்டுப் பேரையாவது சரியாச் சொல்லுங்க, நேப்பியர்னு ஊரு, சொல்றதா வேண்டாமான்னு என் மகளக் கேட்டுச் சொல்றேன், அது அவ அடுப்பு என்றேன். அவன் எழுந்து நின்று, சரி அண்ணி என்றான். அதனால் உன்னைக் கேட்கிறேன். நிறுத்தச் சொன்னால் நாளைக்கே நிறுத்திவிடுவார்கள், தொடரச் சொன்னால் நீயும் நானும் செத்த பிறகும் யாராவது அங்கே உன் அடுப்பில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். அவசரமில்லை, யோசித்து எழுது.

உன்னை அழ வைக்க இதை எழுதவில்லை. நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு இன்னும் வரவில்லை. உனக்கு வந்தால் மறைக்காமல் அதையும் எழுது, நம்மில் ஒருத்தியாவது அவருக்காக அழுதாள் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், மத்தில்தாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. பிள்ளைக்குத் தடுப்பூசி இந்த மாதம் என்றாய், மறந்துவிடாதே.

உன் அம்மா
வெனேரா