கவிதா கேட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 9, 2003. சனி, இரவு.

ஹார்பரிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கவிதா மறுபடியும் அந்த ஃபாரத்தை நீட்டினாள். கல்மண்டபம் பக்கத்தில் இருக்கும் பாக்சிங் கிளாசில் சேர வேண்டுமாம். ஒரு மாதமாகக் கேட்கிறாள். வேண்டாம் என்பதைத் தவிர நான் ஒன்றும் சொன்னதில்லை.

"பொம்பளப் புள்ளன்னு தானே வேணான்ற?" என்றாள். கண் கலங்கியிருந்தது. பதினைந்து வயதுப் பெண் அப்படி நினைப்பது எனக்குத் தாங்கவில்லை.

"இல்லமா. கல்யாணத்துக்கு மின்னாடி நானும் பாக்சிங் ஆடினவன்தான். அப்ப வாங்குன குத்துலதான் இந்த எடது காது கேக்காம போச்சு."

செத்துப்போன அவள் அம்மாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

கவிதா என் காதைத் தொட்டாள். "ரொம்ப வலிச்சுதா நைனா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்க நானும் விட்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கு வலிச்சா மறைக்க மாட்டேன். மொதல்ல உன்கைல வந்து சொல்வேன்" என்றாள்.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் தூங்கிவிட்டாள். நான் செய்தது சரிதானா என்று கேட்க இந்த வீட்டில் வேறு ஆளில்லை. தாயார் கையெழுத்து என்று ஃபாரத்தில் இன்னோர் இடம் இருக்கிறது. அங்கே என்ன எழுதுவதென்று தெரியாமல் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.