தகட்டில் பூசிய வர்ணம்

12-5-1966, வியாழன்.

மின்தடையின்போது, மூச்சிரைப்பால் அவதியுறும் மாமியாருக்கு மின்விசிறி ஓட, கார் பேட்டரியில் இயங்கும் இன்வெர்ட்டர் ஒன்றை நானே செய்திருந்தேன். இன்று அதன் டிரான்சிஸ்டர்கள் தொட முடியாதபடி கொதித்தன. அளவுக்கு மீறி ஓட்டியதாக மனைவி எஸ்தரைக் கடிந்துகொண்டேன்.

"காத்து வாங்கவும் உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமாக்கும்?" என்றாள்.

கழற்றிப் பார்த்தேன். சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய தகட்டுக்கு, அழகு கருதி நானே வர்ணம் பூசியிருந்தேன். அந்தப் பூச்சே சூட்டைத் தடுத்திருக்கிறது. சுரண்டிப் பொருத்தியதும் கொதிப்பு அடங்கியது. மறுபடி விசிறியைப் போட்டேன். மாமியார் இரைக்க இரைக்க எழுந்து அதை அணைத்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை, சூடாயிரும். எஸ்தர ஏசாதீக."

"இனிச் சுடாது அத்தை" என்றேன். பிழை என்னுடையது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இதை எழுதும்போது, அடுத்த அறையில் எஸ்தர் தன் அம்மாவுக்கு ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறாள்.