சோம்பேறி என்று எழுதினேன்

தங்கச்சிக்கு,

ஒரு மாதமாக உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் எரிச்சல்தான். மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டது?

இங்கே அமெரிக்காவில், டேட்டன் நகரத்தில் பதினாறு வருடம் ஆம்புலன்ஸ் வேலையில் ஓடிவிட்டு, நாற்பத்தொரு வயதில், மூன்றாம் முறையாக விண்ணப்பித்தேன். பத்தொன்பது வயதில் வேதியியலில் இரண்டு தடவை ஏன் தோற்றாய் என்று கேட்டிருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று எழுதினேன்; போனில் உன்னிடம் சொல்லியும் தொலைத்தேன். அதோடு போயிருக்கும்.

நேர்முகத் தேர்வில் டாக்டர் ஹேவர்காம்ப் என்ற அம்மாள் இரண்டு காகிதங்களை என் முன்னால் வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றதில் உன் கோணல் எழுத்து: "நான் குடிச்சுட்டு எங்கேயாவது விழுந்து கிடப்பேன். அந்த வருஷம் பூரா அக்கா காலேஜுக்குப் போகாம என்னைத் தேடி அலைஞ்சா. அவ சோம்பேறியா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்."

"ரெண்டுல எதும்மா பொய்?"

"என்னோடதுதான். அவ இப்போ பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறா. குடிகாரின்னு அவ பேரு ஒரு ஃபைல்ல ஏறவேண்டாம்னு நினைச்சேன். ரகசியத்தைக் காப்பாத்துறதும் டாக்டர் வேலைதானே?"

"சரி. சொல்லலாமான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இல்லை என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் உன்னிடம் கேட்டதில்லை. நீயாகப் பேச வந்தபோதெல்லாம் "அதை விடுடி" என்று வாயை அடைத்திருக்கிறேன்.

இன்று காலை கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கொடுத்துவிட்டார்கள். எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். முதலில் நான் திட்டுகிறேன். அப்புறம் அந்த வருடத்தைப் பற்றி நீ சொல்லு, கேட்கிறேன்.

உன் அக்கா