சின்னுசாமி கிராமபோன், எண் 41

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஞாயிறு.

அன்புள்ள ஆரோனுக்கு,

அம்மா எழுதுவது. இறைவன் இரக்கத்தால் அப்பாவும் நானும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, மருந்துக்கடைக்கு என்று கிளம்பி பேக்கரிக்குப் போவதுதான் குறையவில்லை. நான் பழைய இசைத்தட்டு சேர்க்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. அதில் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், அதனால்தான் உனக்கு அனுப்பும் பலகாரப் பார்சலோடு இந்தக் கடிதம்.

என் மாணவி ஒருத்தியின் அப்பா குணசீலன், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர், போன மாதம் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். நடுவில் மஞ்சள் லேபிள், அதில் ‘சின்னுசாமி கிராமபோன், திருச்செங்கோடு, எண் 41’ என்று மட்டும் அச்சு. சின்னுசாமி அவருடைய தாத்தா. பாட்டின் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை, அதையே நான் பழமைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். என்னிடமிருந்த எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லாதது சந்தோஷத்தைக் கூட்டியதே தவிர சந்தேகத்தைத் தரவில்லை. சின்னுசாமி நடத்திய இசைத்தட்டுக் கம்பெனிதான் இது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தேன். தாத்தா பெயரில் ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுக்கிறார் குணசீலன், அதன் கல்வெட்டில் ‘கொங்கு நாட்டின் முதல் இசைத்தட்டுக் கம்பெனி நிறுவனர்’ என்று வெட்ட ஏற்பாடும் ஆகிவிட்டது.

போன வாரம் அம்மாபேட்டையில் தீனதயாளனின் பழைய சாமான் கடையில் அதே மஞ்சள் லேபிளோடு எண் 17 கிடைத்தது. லேபிள் கால்வாசி கிழிந்து, அடியில் ஊதா நிறத்தில் சென்னைக் கம்பெனி ஒன்றின் லேபிள் தெரிந்தது. ஓரத்தில் விரல்நகத்தை ஓட்டினேன், இடறியது. தட்டு அச்சாகும்போதே அழுத்திய லேபிள் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும், இது பிறகு பசை தடவி ஒட்டியது. தீனதயாளனைக் கேட்டேன். “கல்யாணத்துக்கு வாடகைக்குப் போற தட்டுங்க டீச்சர், மாறிப் போயிறக்கூடாதுன்னு ஒட்டறது. வாடகை அண்டாவுல பேர் வெட்டியிருந்தா அந்தாளா அண்டா செஞ்சாரு?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தட்டைப் பார்த்த அன்றும் இதே நகம் என் விரலில் இருந்தது, எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் அதை ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். “விட்டுரு ஹெலன், கல்வெட்டப் படிக்கறவன் தட்டத் தடவியா பாக்கப் போறான்” என்றார். ஆனால் கல்லில் ஏறப்போவது என் வார்த்தை அல்லவா, நேற்றே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் குணசீலனின் முகம் சுண்டிப்போனது. “நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க, சொந்தபந்தம் அத்தன பேருக்கும் சொல்லிப்போட்டனுங்களே” என்றார். தப்பு என்னுடையதுதான் என்று புதிதாக ஒரு தாள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் கோபத்தில் எண் 41ஐ எடுத்து, அந்த மஞ்சளை ஊறவைத்து உரித்துவிடுகிறேன் என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். நான் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அடியில் இருக்கும் தட்டு நாலு ஊரில் கிடைக்கும், மேலே இருக்கும் தாளை ஒட்டியது உங்கள் தாத்தா, இது எந்தச் சந்தையிலும் கிடைக்காது என்றேன். சொன்ன பிறகுதான், சேகரிப்பது என்றால் என்னவென்று எனக்கே பிடிபட்டது. “அதுக்காக வாடகைக் கடைன்னு கல்லுல வெட்டறதுங்களா? கேவலமுங்க” என்றார். பக்கத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா செல்லாயி நிமிர்ந்து, “ஏஞ்சாமி, நீ ரிக்க வாடகைக்கு ஓட்டித்தான இந்த ஊட்டக் கட்டுன? நீ பண்ணுனா தொழிலு, உங்க தாத்தன் பண்ணுனா கேவலமா?” என்றார்.

இன்று பூசை முடிந்து வரும்போது போன் செய்தார். கல் வெட்டுகிறவரிடம் ‘கிராமபோன் வாடகை நிலையம்’ என்றே சொல்லிவிட்டாராம். முதல் என்கிற வார்த்தையை மட்டும் வைத்துக்கொள்ளலாமுங்களா என்று மெதுவாகக் கேட்டார். அதற்கும் சாட்சி இல்லைங்க என்றேன். சரிங்க டீச்சர், எடுத்தர்றனுங்க என்றார்.

மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும். வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு.

ஜெபங்களோடு,
உன் அம்மா
ஹெலன்