இரண்டாம் முறை கேட்பார்கள் என்று

டிசம்பர் 9, செவ்வாய்

விமானம் ஏழு மணி நேரம் தாமதமாகி, டெல்லி நேர்காணல் தவறிப்போய் ஐந்து நாளாகிறது. விமான நிறுவனத்திடம் தாமதச் சான்று வாங்கி நாளை மாலைக்குள் அனுப்பினால் வேறு தேதி தருவதாக நேர்காணல் நடத்துபவர்களிடமிருந்து இன்று மின்னஞ்சல் வந்தது.

அன்றே சென்னை விமான நிலையத்தில் வாங்கியிருக்கலாம். "வேற ஏதாவது வேணுமா மேடம்?" என்று கவுண்டர் பெண் கேட்டாள். யார் வீட்டில் காபி கொடுத்தாலும் முதலில் மறுத்து, இரண்டாம் முறை கேட்டால் வாங்குவதுதான் எங்கள் பழக்கம். "ஒண்ணும் வேண்டாங்க" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பின்னால் நின்றவர் சான்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்று ஒண்டிக்கடை நிறுத்தத்தில் மஞ்சக்குட்டை பஸ்ஸுக்கு அம்மாவோடு நின்றபோது விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "ரெண்டு நாள்ல அனுப்பறோம்" என்றார் ஒருவர்.

"சரிங்க" என்றேன்.

அம்மா முழங்கையால் இடித்தாள். "ஏங் கண்ணு, உன்னையப் பொண்ணு பாக்கவா வந்திருக்கறாங்க? நல்லா வாயத் தொறந்து கேளு சாமி."

"இல்லீங்க, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணுங்க." என்றேன்.

"சரிங்க மேடம், அனுப்பிடறோம்."

அவ்வளவுதான். தாமதத்தால் நான் பறக்காமல் விட்ட டிக்கெட்டின் பணத்தையும் கேட்டிருக்கலாம். சான்று வரட்டும், பதில் போடும்போது அதையும் கேட்டுவிட வேண்டும்.