எண்ணெய் மண்மேட்டில் விளைந்த மரவள்ளியைச் சோதிக்கக் கோரி

அனுப்புநர்:
டும்லே இக்பாரா,
மீனவர் தெரு, கோராதெம்,
நைஜர் டெல்டா.

பெறுநர்:
மண் சீரமைப்பு அலுவலர் அவர்கள்,
வட்டாரத் துப்புரவுத் திட்ட அலுவலகம்.

பொருள்: மரவள்ளி, மண், கிணற்று நீர் ஆகியவற்றை அறுவடைக்கு முன் சோதித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்துகள் கோணலாகவும் பெரிதும் சிறிதுமாகவும் இருப்பதைப் பொறுத்தருள வேண்டும். எழுபத்திரண்டு வயதில் இப்போதுதான் எழுதக் கற்றேன். இது நானே எழுதும் முதல் மனு; அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சொல்ல வந்த செய்திதான் அப்படிப்பட்டதல்ல.

1. குழாய் உடைந்து எண்ணெய் ஊறிய எங்கள் நிலத்தைத் தங்கள் ஒப்பந்தக்காரர் தோண்டி, மேடாகக் குவித்தார். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதில் உள்ளன என்று சொல்லி, அவற்றுக்கு உணவாக உரம் கலந்து கிளறினார். ஓரத்தில் வெட்டிவேர் நட்டார். நாற்றம் குறையத் தொடங்கியது. போன ஆண்டு மழைக்காலத்தில் போன அவருடைய ஆட்கள் திரும்பவில்லை. வேலியும் இல்லை.

2. கிளறிப் பொலபொலவென்று கிடக்கும் மண்ணைச் சும்மா விடுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆகாது. என் மருமகள் லெயிரா அதில் மரவள்ளிக் குச்சி ஊன்றினாள். நான் தடுத்தேன். "புழு எண்ணெயத் தின்னுட்டா மிச்சம் மண்ணுதான மாமா? மரவள்ளிக்கு அது போதாதா?" என்றாள். உரத்தில் செடி என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது.

3. ஒரு கிழங்கைத் தோண்டி ஊறப்போட்டோம். நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. எங்கள் கிணற்று நீரிலும் அதே படலம் உண்டு. ஆகவே குற்றம் கிழங்கினுடையதா, தண்ணீருடையதா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

4. பிடுங்க வேண்டாம் என்கிறேன். "கெழவனுக்கு எழுத்து வந்ததும் கெழங்கு மேலயே சந்தேகம் வந்துருச்சு" என்று பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள். லெயிரா சிரிப்பதில்லை. "அப்ப புள்ளைங்களுக்கு எதப் போடட்டும், நீங்களே சொல்லுங்க" என்கிறாள். மற்ற வயல் இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது. ஓடையில் மீன் இல்லை.

எனவே, ஐயா, ஒருவரை அனுப்பி மூன்றையும் சோதித்து, தின்னலாமா கூடாதா என்று தெளிவாகச் சொல்ல வேண்டுகிறேன். கூடாது என்றால், மண் தேறும்வரை வீட்டுப் பிள்ளைகளுக்கு உணவு தர ஏற்பாடு செய்ய வேண்டும். வரும் சந்தை நாள்வரை காத்திருக்க லெயிரா ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் அவளைத் தடுக்க எனக்கு வாயில்லை.

அடுத்த வாரமும் தங்களுக்கு எழுதுவேன். அதற்குள் யாரும் வராவிட்டால், பிள்ளைகள் அதைச் சாப்பிட்டார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

இடம்: கோராதெம்
நாள்: 9 அக்டோபர் 2023

பணிவுடன்,
டும்லே இக்பாரா
(கைரேகை அல்ல, கையொப்பம்)